கை கொடு, போய் வா

எங்கள் சுவிட்ச் பலகையின் உச்சியில், பொட்டு வைக்கிற இடத்தில், இரண்டு சின்ன விளக்குகள் இருந்தன. உலகத்தில் எந்த விளக்கும் எரிந்தால் நல்லது, அணைந்தால் கெடுதி. இந்த இரண்டுக்கு மட்டும் நேர்மாறு. பளிச்சென்று எரிந்தால் கையை வைக்காதே என்று பொருள். முழுக்க இருண்டால் எல்லாம் கூடி வந்துவிட்டது என்று பொருள். புதிதாக வேலைக்கு வந்த எவனுக்கும் இது லேசில் மண்டையில் ஏறாது. கொதிகலனுக்குக் கரி தள்ளும் மலாய்க்கார நண்பர் ஒருவர் இதைப் பார்த்துவிட்டு, அமைதியான தண்ணீரில் முதலை இல்லையென்று நினைக்காதே என்பார்கள் எங்கள் ஆட்கள், உங்கள் விளக்கு அமைதியாக இருந்தால்தான் முதலை இல்லை போலிருக்கிறதே என்றார். நான் சொல்லப்போகும் கதைக்கு இதைவிடப் பொருத்தமான பழமொழி இன்றுவரை எனக்குக் கிடைக்கவில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் நான் வேலை பார்த்தது, கிள்ளான் போகும் சடக்கை ஒட்டியிருந்த ஒரு கரி நிலையத்தில். கம்பெனி சின்னதுதான். சுற்றுவட்டாரத்துக் கடைகளுக்கும் வீடுகளுக்கும் ஓர் ஆஸ்பத்திரிக்கும் கரண்டு கொடுத்து வந்தது. வடக்கே மலையடிவாரத்தில் இன்னொரு கம்பெனி ஈயம் தோண்டிக்கொண்டிருந்தது. அவர்கள் ஆற்றுத் தண்ணீரைக் குழாயில் இறக்கி, அதில் சக்கரம் சுற்றி, தங்கள் சுரங்கத்துக்கு வேண்டிய கரண்டைத் தாங்களே எடுத்துக்கொண்டார்கள். இரண்டு கம்பெனிக்கும் இரண்டு துரை, இரண்டு கொடி, ஒருவரையொருவர் பார்த்தால் தொப்பியைத் தொட்டுவிட்டுப் போகிற அளவு பழக்கம். ஆனால் மழை பொய்த்தால் அவர்களுடைய ஆறு இளைத்துவிடும். பம்பு நின்றால் சுரங்கக் குழிக்குள் ஊற்றுத்தண்ணீர் ஏறிவிடும். எங்களுக்கோ கொதிகலனைச் சுத்தம் செய்ய நிறுத்தினால் ஊருக்குக் கொடுக்கப் போதாது. "தனி மரம் தோப்பாகாது" என்பதைத் துரைமார்களும் எந்த மொழியிலோ படித்திருக்க வேண்டும். ரப்பர் பால்மரத் தோட்டங்களின் நடுவே கம்பம் நட்டு, இரண்டு நிலையத்துக்கும் இடையே ஒரு லைன் இழுத்தார்கள். அதே கம்பங்களில், கீழே தாழ்வாக, ஒரு டெலிபோன் கம்பியும் ஓடியது. அந்தக் கம்பியின் மறுமுனையில் இருந்தவரைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

அவரை நாங்கள் மலைக்காரர் என்போம். எங்களை அவர் கரிக்காரர் என்பார். யாழ்ப்பாணத்து மனிதர், என்னைவிடச் சில வயது மூத்தவர். நெடுநாள் வரை அவர் எனக்கு வெறும் குரல்தான். நிதானமான, தொண்டையின் அடியிலிருந்து வரும் குரல். அந்தக் குரலுக்கு நானாக ஓர் உருவம் செய்து வைத்திருந்தேன்: ஆறடி உயரம், முறுக்கு மீசை. டெலிபோனை எடுத்தால் முதலில் "என்ன தம்பி, பசியாறியாச்சோ?" என்பார். இங்கே வந்து பழகிய சொல்லில் தன் ஊர் 'ஓ'வைக் கோத்து அவர் கேட்பது எனக்குப் பிடிக்கும். பிறகு வானம் எப்படி, ஆறு எப்படி, எங்கள் கரி ஈரமா காய்ந்ததா என்று பேச்சு வேலைக்கு வரும். "ஆத்துக்கு நாங்கள் எசமான் இல்லைத் தம்பி, விருந்தாளி" என்பார். ஆறு வற்றிய மாதங்களில் அதைச் சிரிக்காமல் சொல்வார்.

இரண்டு நிலையத்து இயந்திரங்களையும் ஒரே லைனில் சேர்ப்பது, இரண்டு பேர் ஓர் ஊஞ்சலை ஆட்டுவது போல. ஒருவன் தள்ளும்போது மற்றவன் இழுத்தால் கயிறு அறுந்துவிடும். இரண்டும் ஒரே தாளத்தில் சுற்ற வேண்டும். அதைக் காட்டத்தான் அந்த இரண்டு விளக்குகள். தாளம் பிசகியிருந்தால் அவை மூச்சு விடுவது போல எரிவதும் மங்குவதுமாக இருக்கும். நான் இங்கிருந்து டெலிபோனில் "கொஞ்சம் வேகம்ணே" என்பேன். அவர் அங்கே தண்ணீரை ஒரு பிடி கூட்டுவார். மூச்சு நீளும். இன்னும் நீளும். இரண்டு விளக்கும் முழுக்க இருண்டு நிற்கும் அந்தக் கணத்தில் நான் சுவிட்சைத் தள்ளுவேன். பலகை லேசாக முனகிவிட்டு அடங்கும். ஊரில் யாருக்கும் எதுவும் தெரியாது. தெரியாமல் இருந்தால்தான் நாங்கள் வேலையைச் சரியாகச் செய்தோம் என்று அர்த்தம். சேர்ப்பதும் பிரிப்பதும் எப்போதும் எங்கள் பக்கத்துச் சுவிட்சில்தான். அவர் பக்கத்துச் சுவிட்ச் போட்டது போட்டபடியே கிடக்கும். அதைத் தொடச் சொல்லி நான் அவரிடம் கேட்டதேயில்லை, அந்தப் பிற்பகல் வரை.

அந்த லைனைப் பார்த்துக்கொண்டவர் என் தங்கை வீட்டுக்காரர். நாங்கள் எல்லோரும் பிரிக்பீல்ட்ஸில் ஒரே வரிசையில் குடியிருந்தோம். மாப்பிள்ளை கம்பம் ஏறுவதில் சூரர், ஆனால் அவசரக்காரர் இல்லை. ஏறுவதற்கு முன் அவருக்கு ஒரு சடங்கு உண்டு. ஓர் இரும்பு முளையைத் தரையில் அடித்து, அதில் கட்டிய சங்கிலியின் மறுமுனையைக் கீழே நின்றபடியே கம்பிகளின் மேல் வீசுவார். கம்பியில் உயிர் இருந்தால் சங்கிலி காட்டிக்கொடுத்துவிடும். நிலையத்திலிருந்து கரண்டு இல்லை என்று சொன்ன பிறகும் வீசுவார். கூட்டாளிகள், கம்பிக்கு மாலை போட்டுப் பொண்ணு பாக்குறாருடா என்று கேலி செய்வார்கள். "கம்பிக்குச் சொந்தபந்தம் தெரியாதுடா" என்பார் அவர்.

நம் ஊர் மழை பிற்பகலில் எப்படி வரும் என்று சொல்லத் தேவையில்லை. அன்று இடியோடு வந்தது. வந்த வேகத்தில் தோட்டத்து மரம் ஒன்று லைன் மேல் சாய்ந்து, இரண்டு நிலையத்துச் சுவிட்சும் தாமாகவே விழுந்து கரண்டை நிறுத்தின. டெலிபோன் கம்பி மட்டும் தப்பியது. மழை விட்டதும் மாப்பிள்ளை ஆட்களோடு போய், மரத்தை வெட்டித் தள்ளிவிட்டு, கம்பத்தடியில் கைப்பெட்டி டெலிபோனை மாட்டி என்னைக் கூப்பிட்டார். மேலே கம்பியைத் தாங்கும் பீங்கான் உடைந்திருக்கிறது, ஏற வேண்டும், இரண்டு பக்கமும் கரண்டு இல்லை என்று உறுதி செய்து சொல்லுங்கள் என்றார். எங்கள் சுவிட்சை நான் பார்த்தேன், விலகியிருந்தது. மலைக்காரரைக் கூப்பிட்டேன்.

"அண்ணே, மாப்ள கம்பத்துல ஏறப் போறாரு. உங்க பக்கத்துச் சுவிட்சத் தொறந்துருங்க" என்றேன்.

மழைக்குப் பிறகு அந்தக் கம்பியில் எப்போதும் ஓர் இரைச்சல் இருக்கும், நான் சொன்னதில் முன்பாதியை அது விழுங்கியிருக்க வேண்டும். "சுவிட்சைத் திறக்கிறதோ?" என்று கேட்டார். ஆமாம், திறங்கள் என்றேன். சற்று நேரத்தில் "திறந்தாச்சுத் தம்பி" என்று வந்தது. சொன்ன சொல்லைத் திருப்பிச் சொல்ல வேண்டும் என்பது எங்கள் இரண்டு கம்பெனிக்கும் பொதுவான ஒழுங்கு. அவர் சொன்னார். நானும் சொன்னேன். மாப்பிள்ளையிடம், ரெண்டு பக்கமும் தொறந்தாச்சு என்றேன்.

கொஞ்ச நேரத்தில் மலையிலிருந்து மணி அடித்தது. "தம்பி, என்ர சுவிட்ச் திரும்பவும் விழுந்திட்டுது. மரம் இன்னும் லைனிலதான் கிடக்கோ?"

"விழுந்துச்சா? நான் தொறக்கத்தானே சொன்னேன், அண்ணே."

"ஓம், திறந்தனான்தானே."

இரண்டு பேரும் சரியான தமிழில், ஒரே சொல்லை, ஒழுங்காகத் திருப்பிச் சொல்லியிருந்தோம். அர்த்தம்தான் ஆளுக்கொன்று. எங்கள் நிலையம் துரையின் ஆங்கிலத்தில் வளர்ந்தது. அதில் சுவிட்சைத் திறந்தால் பாதை துண்டு, கரண்டு நிற்கும். மலை நிலையம் தண்ணீரில் வளர்ந்தது. மதகைத் திறந்தால் தண்ணீர் வரும். அங்கே மதகு பார்த்தவர்கள் மலாய்க்காரர்கள், விளக்கைப் போடுவதற்கும் அவர்கள் புக்கா, திற, என்றுதான் சொல்வார்கள். நம் ஆட்களும் கடைகண்ணியில் லைட்டைத் தொற என்று சொல்லிப் பழகியவர்கள்தானே. மரத்தை எடுத்தாகிவிட்டது, லைனுக்கு உயிர் கொடுக்கச் சொல்கிறார்கள் என்று அவர் நினைத்தார். கொடுத்தார்.

மாப்பிள்ளையைச் சங்கிலி காப்பாற்றியது. அவர் வீசிய மாத்திரத்தில் நீலமாக ஒரு வெடி. சங்கிலி பாதி உருகிவிட்டது. முன்கை வெந்து, கண் கூசி, அவர் லாலாங் புல்லில் மல்லாந்து கிடந்தார். ஏறிய பிறகு நடந்திருந்தால் எழுதுவதற்கு எதுவும் மிச்சமிருக்காது. ஆஸ்பத்திரியில் இரண்டு கண்ணையும் சேர்த்துக் கட்டுப் போட்டார்கள். பார்வை திரும்பும் என்றார் டாக்டர், எப்போது என்று சொல்லவில்லை. என் தங்கை அழவில்லை. கட்டிலின் கால்மாட்டில் நின்றபடி, "அண்ணே, நீ சொல்லித்தான் அவரு கிட்டப் போனாரு. வேற யாரு சொல்லியிருந்தாலும் ரெண்டு தரம் கேட்டிருப்பாரு" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். நிறையச் சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

துரைமார்கள் தங்களுக்குத் தெரிந்ததைச் செய்தார்கள். அவர் ஆள் தப்பு என்றார் இவர், இவர் ஆள் தப்பு என்றார் அவர். லைனையே கழற்றிப் போட்டுவிடலாம் என்றுகூடப் பேச்சு வந்தது. பிறகு இனிமேல் இங்கிலீஷில் மட்டும் பேச வேண்டும் என்று ஓர் உத்தரவு வந்தது. நான் மலைக்காரரிடம் சொன்னேன். இங்கிலீசிலயும் அதே கதவுதானே தம்பி, இங்க ஓப்பன் எண்டா ஒருத்தன் போடுவான், ஒருத்தன் எடுப்பான் என்றார். மாப்பிள்ளையோ உத்தரவைக் கேட்டுவிட்டுக் கட்டுக்குள்ளிருந்தே சிரித்தார். "நீங்க ரெண்டு பேரும் ஒரே பாஷை பேசுற வரைக்கும் நான் கம்பத்துக்கிட்டயே போக மாட்டேன் மச்சான். கண்ணு வந்தாலும் சரிதான், வராட்டியும் சரிதான்."

ஒரு ஞாயிற்றுக்கிழமை மலைக்காரர் ரயிலேறி ஆஸ்பத்திரிக்கு வந்தார். கையில் ஒரு கூடை மங்குஸ்தான். நான் செய்து வைத்திருந்த ஆறடி மனிதர் என் தோள் உயரம்தான் இருந்தார், மீசையே இல்லை. வாசலில் நின்று "தம்பி" என்றபோதுதான் நம்பினேன். அவரும் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, குரலுக்கு இவ்வளவு வயிறு இருக்குமெண்டு நினைக்கேல்லை என்றார். கட்டிலருகே போனதும் மாப்பிள்ளையின் கட்டுப்போட்ட கையைப் பார்த்தபடி, கூடையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார். தங்கைதான் வாங்கி வைத்தாள்.

"வந்தது நல்லதாப் போச்சு. எனக்கு இப்பக் கண்ணு இல்ல, காது மட்டும்தான். டெலிபோனுக்கும் அப்படித்தானே? ரெண்டு பேரும் சொல்லுங்க, நான் கேக்குறேன்" என்றார் மாப்பிள்ளை.

அப்படி ஆரம்பித்தது அந்தப் பஞ்சாயத்து. நான் 'கட்டு' என்றேன், லைனைச் சேர்க்க. கட்டுன்னா முடி போடுறதா, கட் பண்ணுறதா என்று கேட்டார் மாப்பிள்ளை. அதுவும் போயிற்று. நிறுத்துவதற்கு 'அணை' என்றார் மலைக்காரர். மாப்பிள்ளை வாய்விட்டுச் சிரித்தார். "உங்க ஊருல அணைன்னா தண்ணியக் கட்டி வைக்கிறது. வெளக்குக்குச் சொன்னா ஊதி விடுறது. என் பொஞ்சாதிகிட்டச் சொன்னா கட்டிப் புடிக்கிறது. மேல தொங்குறவன் எதுன்னு எடுத்துக்கறது, அண்ணே?" தங்கை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். விபத்துக்குப் பிறகு அன்றுதான் அவள் சிரித்துப் பார்த்தேன். போடு, எடு என்று வைத்துக்கொள்ளலாம் என்றேன் நான். சின்னச் சொல்லாக, சுத்தமாக இருந்தது. மாப்பிள்ளையும் தலையாட்டினார். அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தோம்.

மணி அடித்து, பார்க்க வந்தவர்களை வெளியே போகச் சொன்னார்கள். மலைக்காரர் குனிந்து, தன் ஊர் வழக்கப்படி விடைபெற்றார். "அப்ப நான் போட்டு வாறன்."

மாப்பிள்ளை கட்டிலில் துள்ளி எழுந்தார். "போடாதீங்க!"

போய்விட்டு வருகிறேன் என்பதை அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள் என்று நான் விளக்குவதற்குள் அவருக்கு வியர்த்துக் கொட்டிவிட்டது. விளையாட்டுக்கு இல்லை. அதைப் பார்த்த பிறகுதான், இது மூன்று பேர் உட்கார்ந்து சொல் பொறுக்கும் சமாசாரம் இல்லை என்பது எனக்கு முழுசாக உறைத்தது. மலைக்காரருக்கும் உறைத்திருக்க வேண்டும். முகம் சுருங்கிவிட்டது. மாப்பிள்ளை சரிந்தபடியே, "கை குடுங்க, நிமிந்து உக்காரணும்" என்றார். அவர் எந்தப் பக்கம் கை நீட்டினார் என்றுகூட நாங்கள் பார்க்கவில்லை. மலைக்காரர் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் பிடித்துத் தூக்கிவிட்டோம்.

நிமிர்ந்து உட்கார்ந்தவர் எங்கள் கைகளை விடவில்லை. பிறகு சொன்னார்: "இப்ப யாருக்கும் சந்தேகம் வரலியே. கை குடுன்னதும் ரெண்டு பக்கமும் வந்துருச்சில்ல? சேக்குறதுக்கு இதையே வச்சிக்குங்க."

பிரிப்பதற்கு என்ன என்று கேட்டேன். கையை விடு என்பது வாயில் வந்தது, ஆனால் கைவிடுவது என்பதை ஒரு நிலையம் இன்னொரு நிலையத்துக்குச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மலைக்காரர்தான் மெதுவாகச் சொன்னார். "நான் சொன்னதையே உங்கட வாயால சொல்லுங்கோவன். போய் வா. போ எண்டு சொல்லக் கூடாது. ஆரும் திரும்பி வர வேணும்தானே." தன் நாக்கே தன்னைக் காட்டிக்கொடுத்துவிடாமல், 'போய்' என்பதில் அழுத்தி, இரண்டு மூன்று தரம் சொல்லிப் பார்த்தார். மாப்பிள்ளை காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டு, சரி என்றார்.

அப்படித்தான் எங்கள் லைனுக்கு அந்த இரண்டு சொற்கள் வந்தன. கை கொடு. போய் வா. மலைக்காரர் தம் மலாய் உதவியாளருக்கும் அதைத் தமிழிலேயே பழக்கினார். அவர் எங்களைவிடச் சுத்தமாகச் சொன்னார். எங்கள் துரை முதலில் முகத்தைச் சுளித்தார். பிறகு ஒரு வறட்சியில், சுரங்கக் குழியில் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தபோது, தாமே டெலிபோனைப் பிடுங்கி "கை கொடு, கை கொடு" என்று மலையைப் பார்த்துக் கத்தினார். கொடுக்க வேண்டியது நாங்கள்தான், கேட்டதும் எங்கள் துரைதான். இருந்தாலும் விஷயம் புரிந்தது. இன்னொரு பழக்கமும் வந்தது. முன்பெல்லாம் சேர்க்கும்போது மட்டுமே அந்த இரண்டு விளக்குகளை லைனோடு மாட்டுவோம். அதற்குப் பிறகு பிரிக்கும்போதும் மாட்டினோம். மறுபக்கம் உயிரோடிருந்தால் அவை மூச்சு விடும். மறுபக்கம் நின்றுவிட்டால் ஆடாமல் அசையாமல், அரை வெளிச்சத்தில் எரியும். அதைப் பார்த்த பிறகே கம்பத்தடிக்குச் சொல்வோம். மாப்பிள்ளைக்குப் பார்வை திரும்பியது. திரும்பியதும் புதுச் சங்கிலி வாங்கினார். அவர் முதல் தரம் ஏறிய அன்று என் தங்கை, மலைக்காரர் குரலைத் தானே கேட்க வேண்டும் என்று நிலையத்துக்கே வந்துவிட்டாள். நான் கருவியை அவள் காதில் வைத்தேன். "போய் வந்தாச்சுத் தங்கச்சி, பயப்பிடாதையும்" என்றார் அவர்.

சில வருஷம் கழித்து ஈயம் தீர்ந்தது. சுரங்கத்தை மூடினார்கள், கூடவே மலை நிலையத்தையும். லைனைக் கழற்ற வேண்டும். அதுவும் ஒரு பிற்பகல்தான், ஆனால் மழை இல்லை. மாப்பிள்ளை கம்பத்தடியில் காத்திருந்தார். நான் எங்கள் சுவிட்சை விலக்கினேன். விளக்குகள் மூச்சு விட ஆரம்பித்தன. டெலிபோனை எடுத்து, "அண்ணே, போய் வா" என்றேன்.

யாழ்ப்பாணத்துக்கு அவர் கப்பலேறப் போகிறார் என்பது எனக்குத் தெரியும். மறுமுனையிலிருந்து வந்த குரல் அந்த நிதானமான குரலாக இல்லை. "சரி தம்பி. நான் போட்டு வாறன்."

ஆளுக்கு விடை சொல்கிறார், சுவிட்சுக்கு இல்லை என்று எனக்கு நன்றாகவே புரிந்தது. பதிலுக்கு ஏதாவது சொல்லவும் தோன்றியது. ஆனால் கம்பத்தடியில் ஒருவர் நிற்கிறார். "அண்ணே, சரியாச் சொல்லுங்க. மாப்ள நிக்கிறாரு" என்றேன்.

"ஓம், ஓம்." 'போய்' என்பதை அழுத்தினார். "போய் வாறன். போய் வந்தாச்சு."

விளக்குகள் மூச்சை நிறுத்தி, அரை வெளிச்சத்தில் ஆடாமல் எரிந்தன. நான் கம்பத்தடிக்குச் சொன்னேன். மாப்பிள்ளை அப்போதும் சங்கிலியை வீசினார் என்று பிறகு தெரிந்தது. பொறிகூட வரவில்லை.

இப்போது இந்த நாட்டில் எந்த நிலையத்துக் கரண்டு எந்த வீட்டில் எரிகிறது என்று கேட்டால் யாராலும் சொல்ல முடியாது. லைன்களெல்லாம் ஒன்றோடொன்று சேர்ந்துவிட்டன. ஒன்று தளர்ந்தால் எங்கிருந்தோ இன்னொன்று தாங்கிக்கொள்கிறது. முள் வைத்த கடிகாரம் போன்ற கருவிதான் இப்போது தாளம் பார்க்கிறதாம், விளக்குகள் இல்லையாம். மாப்பிள்ளையும் நானும் வேலையை விட்டு வெகுநாளாகிறது. பிரிக்பீல்ட்ஸில் எப்போதாவது பொசுக்கென்று கரண்டு போகும். பக்கத்து வீடுகளில் ஐயோ என்பார்கள். மாப்பிள்ளை மட்டும் இருட்டில் நாற்காலியில் சாய்ந்தபடியே குறை சொல்வார். "பாத்தீங்களா மச்சான், சொல்லாமக் கொள்ளாமப் போகுது. போய் வரேன்னு ஒரு வார்த்தை சொன்னா என்ன கொறைஞ்சிருமாம்?"

அந்த இருட்டில் எனக்குத் தெரிவது பலகையின் உச்சியில் இருந்த இரண்டு சின்ன விளக்குகள்தான். அவையும் இருண்டுதான் இருக்கும். யாரோ, எங்கேயோ, லைனைச் சேர்க்கச் சுவிட்சில் கை வைத்தபடி நிற்கிறான் என்று நினைத்துக்கொள்வேன்.